நின்ற வரிசை

மலேசியத் தமிழர் இல்லங்களில் 555 நோட்டுப் புத்தகத்தை அறியாதவர் அரியர். சட்டைப் பையில் அடங்கும் அச்சிறு புத்தகத்தில்தான் மளிகைக் கடைக் கடனும், சீட்டுப் பணத்தின் தவணையும், பால்காரரின் மாதக் கணக்கும் பல தலைமுறைகளாக எழுதப்பட்டு வந்தன. அத்தகைய புத்தகம் ஒன்றின் நடுப்பக்கத்தில், நீல மையில், சற்றே சாய்ந்த கையெழுத்தில் எழுதப்பட்டிருந்த ஒரே ஒரு வரியே இந்த அத்தியாயத்தின் பொருள். ஆங்கிலத்தில் இருந்த அவ்வரியைத் தமிழ் எழுத்தில் பெயர்த்தால் இவ்வாறு அமையும்:

எம்டிஆடம் --கிரியேட் --மெட்டாடேட்டா=0.90 --லெவல்=5 --ரெய்டு-டிவைசஸ்=4 --சங்க்=64 --லேஅவுட்=லெப்ட்-சிமெட்ரிக்

அதன் கீழே நான்கு ஹார்ட் டிஸ்குகளின் வரிசை எண்களின் கடைசி நான்கு இலக்கங்கள், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என இலக்கமிடப்பட்டு எழுதப்பட்டிருந்தன. வேறொன்றும் இல்லை. பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலைக்கு அருகே ஒரு மாடி அறையில், பழைய தமிழ் இதழ்களைப் படமெடுத்துச் சேமித்து வந்த ஒரு சிறு அலுவலகத்தின் ஆறாண்டு உழைப்பு, ஒரு காலத்தில் இந்த வரியையே நம்பி நின்றது.

எம்டிஆடம் என்பது ஆஸ்திரேலியரான நீல் பிரௌன் லினக்ஸ் இயங்குதளத்துக்காக ஆக்கிய ஓர் ஆணை. பல டிஸ்குகளை ஒன்றாகப் பிணைத்து, கணினிக்கு அவை ஒரே பெரிய டிஸ்க் போலத் தோன்றச் செய்வது அதன் தொழில். ஆணைக்குப் பின்னால் இரட்டைக் கோடிட்டு நிற்கும் சொற்களைப் பொறியாளர் ஆப்ஷன் என்பர்; நாம் தெரிவு என்போம். திரையில் படமோ பொத்தானோ இன்றி, எழுத்தால் மட்டுமே கணினியோடு பேசும் இம்முறை பழமையானதுபோல் தோன்றினும், பெருநிறுவனங்களின் சேமிப்புச் சாதனங்களை அமைப்போர் இன்றளவும் இதனையே விரும்புகின்றனர். பொத்தானை அழுத்தியவர் தாம் எதை அழுத்தினோம் என்பதை மறுநாள் மறந்துவிடுவார். எழுதிய வரியையோ பிரதி எடுக்கலாம், பிறரிடம் காட்டலாம், நோட்டில் பொதியலாம்.

டிஸ்குகளைப் பிணைக்கவேண்டிய அவசியம் ஏன் வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பெர்க்லியைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் என்னும் மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். விலையுயர்ந்த ஒரு பெரிய டிஸ்குக்குப் பதிலாக, மலிவான சிறிய டிஸ்குகள் நூற்றைச் சேர்த்துப் பயன்படுத்தினால் வேகமும் கொள்ளளவும் பெருகும் என்பது அவர்கள் கண்ட முதல் உண்மை. ஆனால், சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கக்கூடிய டிஸ்குகள் நூற்றை ஒன்றுசேர்த்தால், அவற்றுள் ஏதேனும் ஒன்று பழுதாவதற்குச் சராசரியாக 300 மணி நேரமே, அதாவது இரண்டு வாரத்துக்கும் குறைந்த காலமே, ஆகும் என்பது அவர்கள் போட்ட இரண்டாவது கணக்கு. கூட்டம் பெருகப் பெருக மரணச் செய்தியும் பெருகுவது இயற்கைதானே! ஆகவே, ஒரு டிஸ்க் போனாலும் அதில் இருந்தது போகாதபடி செய்யும் யுக்தி ஒன்று வேண்டியிருந்தது. அந்த யுக்திகளின் வகைகளுக்கு அவர்கள் இட்ட எண்களே லெவல் என்னும் தெரிவில் இன்றும் வழங்குகின்றன. நம் வரியில் உள்ள 5 அவற்றுள் ஒன்று.

அதன் தத்துவம் எளிது. மூன்று பேரிடம் முறையே 7, 4, 9 என்ற எண்களைக் கொடுத்து, நான்காமவரிடம் அவற்றின் கூட்டுத்தொகையான 20-ஐக் கொடுத்து வையுங்கள். இரண்டாமவர் ஊரை விட்டுப் போய்விட்டாலும் கவலையில்லை. 20-இலிருந்து 7-ஐயும் 9-ஐயும் கழித்தால் அவரிடம் இருந்தது 4 என்பது தெரிந்துவிடும். கணினி இதனை 0, 1 என்ற இரு குறிகளைக் கொண்டு செய்கிறது: மூன்று டிஸ்குகளில் ஒரே இடத்தில் உள்ள குறிகளை எண்ணி, 1 என்பது ஒற்றைப்படை எண்ணிக்கையில் நின்றால் நான்காவதில் 1 என்றும், இரட்டைப்படையில் நின்றால் 0 என்றும் எழுதுகிறது. எந்த இடத்தை எடுத்தாலும் நான்கிலுமாக நிற்கும் 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாகவே இருக்கும். பாரிட்டி என்று பொறியாளர் வழங்கும் இதனைச் சமன் என்று அழைப்போம்.

அடுத்து, சங்க் என்னும் தெரிவு. தரவு முழுவதும் துண்டு துண்டாக நறுக்கப்பட்டு டிஸ்குகளில் மாறி மாறி வைக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் எவ்வளவு பெரியது என்பதையே இது நிர்ணயிக்கிறது. 64 என்றால் 64 கிலோபைட், அதாவது 65,536 பைட். இந்த நறுக்கும் கத்தி மொழியையோ பொருளையோ அறியாது என்பதற்கு ஓர் உதாரணம் காட்டுகிறேன். கோலாலம்பூரில் 2001-ஆம் ஆண்டு தமிழ் இணைய மாநாடு கூடிய காலத்தில் தமிழ் எழுத்துகளுக்குக் கணினியில் பல குறிமுறைகள் போட்டியிட்டன. இன்று நிலைபெற்றுவிட்ட யூனிகோட் முறையில், யு.டி.எப்.-8 வடிவத்தில், தமிழ் என்னும் சொல் 15 பைட் கொள்ளும். அச்சொல்லை இடைவெளியின்றித் தொடர்ந்து எழுதிக்கொண்டே போனால், ஒரு துண்டில் 4,369 முறை முழுமையாக அடங்கும். ஒரே ஒரு பைட் மீதியாகும். 4,370-ஆவது தமிழின் முதலெழுத்தான தகரத்துக்கு மூன்று பைட் வேண்டும். அவற்றுள் முதலாவது ஒரு டிஸ்கில் உள்ள துண்டின் கடைசியில் நிற்க, மற்ற இரண்டும் அடுத்த டிஸ்கில் உள்ள துண்டின் தொடக்கத்துக்குப் போய்விடும். ஓரெழுத்தே இரண்டு இரும்புப் பெட்டிகளுக்கிடையே பிளந்து கிடக்கும் இந்நிலையில், எந்தப் பெட்டிக்குப் பின் எந்தப் பெட்டி என்பதை யாரேனும் நினைவில் வைத்திருந்தாலன்றி அந்தத் தகரத்தை மறுபடி காண இயலாது.

துண்டின் அளவுக்கு இன்னொரு விளைவும் உண்டு. நான்கு டிஸ்குகளையும் தாங்கிய நம் பெட்டியில் ஒரு வரிசைக்கு மூன்று தரவுத் துண்டுகளும் ஒரு சமன் துண்டும் உள்ளன. பெரிய படம் ஒன்றை எழுதும்போது முழு வரிசையும் ஒரே வீச்சில் நிரம்புவதால் சமனைக் கணக்கிடுவது சுலபம். கடைக் கணக்குப் போலச் சிறு சிறு மாற்றங்கள் செய்யும்போதோ, பழைய தரவைப் படித்து, பழைய சமனைப் படித்து, புதிய தரவை எழுதி, புதிய சமனையும் எழுதவேண்டும். ஒரு சிறு திருத்தத்துக்கு நான்கு பயணங்கள். அவ்வாறு எழுதும் நடுவே, கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலைதோறும் வரும் இடிமழையில் மின்சாரம் போய்விட்டால், தரவு புதிதாகவும் சமன் பழையதாகவும் நின்றுவிடும். மின்சேமிப்புக் கலம் இல்லாமல் இத்தகைய பெட்டியை இயக்குவது நம் ஊரில் பெரும் தவறு என்றே கருதுகிறேன்.

லேஅவுட் என்னும் தெரிவே இவற்றுள் மிக அழகியது. சமன் துண்டுகளை எல்லாம் நான்காவது டிஸ்கிலேயே வைத்தால் என்ன? வைக்கலாம், ஆனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் அந்த ஒரே டிஸ்கின் வாசலில் எல்லாரும் காத்துக் கிடக்கவேண்டும். ஆகவே சமன் வரிசைக்கு வரிசை இடம் மாறுகிறது. முதல் வரிசையில் அது நான்காவது டிஸ்கில், இரண்டாவதில் மூன்றாம் டிஸ்கில், பின் இரண்டாவது, பின் முதலாவது. இடப்புறமாக நகர்வதால் லெப்ட் என்ற பெயர். தரவுத் துண்டுகளோ, ஒவ்வொரு வரிசையிலும் சமன் நிற்கும் இடத்துக்கு அடுத்த டிஸ்கிலிருந்து தொடங்கிச் சுற்றி வருகின்றன, இதுவே சிமெட்ரிக். அவ்வாறு வைக்கும்போது ஒரு விந்தை நிகழ்கிறது. முதல் மூன்று துண்டுகள் 1, 2, 3 ஆகிய டிஸ்குகளில் இருக்க, நான்காம் துண்டு சரியாக நான்காவது டிஸ்கில் விழுகிறது. ஐந்தாவது முதலாவதில், ஆறாவது இரண்டாவதில், ஏழாவது மூன்றாவதில் என, தாள் எடுத்து வரைந்து பார்த்தால், இடையில் சமன் எங்கெங்கோ புகுந்து ஓடினும் தரவின் நடை மட்டும் 1, 2, 3, 4 என்ற தாளத்திலிருந்து ஒருபோதும் தவறுவதில்லை என்பது தெரியும். அடுத்தடுத்த நான்கு துண்டுகளை எங்கிருந்து படித்தாலும் நான்கு டிஸ்குகளும் சரிசமமாக உழைக்கின்றன. வேறு அமைப்புகளும் உண்டு. ஆனால் தொடர்ந்து படிக்கும் வேலைக்கு இதைவிட நேர்த்தியானது இல்லை என்பதால் எம்டிஆடம் இதனையே இயல்பாகக் கொள்கிறது.

இந்த அமைப்பைப் பிரிக்பீல்ட்ஸில் இருந்துகொண்டு நினைக்கும்போது, அவ்வூரின் பெயர்க் காரணம் நெஞ்சில் வராமல் இராது. 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபின், மரமும் அத்தாப்பும் வேண்டாம், செங்கல்லும் ஓடும் கொண்டே கட்டுக என்று சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டான ஸ்வெட்டன்ஹாம் ஆணையிட, அதற்கான செங்கற்சூளைகள் எழுந்த நிலமே பிரிக்பீல்ட்ஸ். மூட்டுக்கு மேல் மூட்டு வராதபடி, ஒவ்வொரு வரியிலும் கல்லைச் சற்றே தள்ளி வைப்பது கொத்தனார் அறிந்த பால பாடம்; மூட்டுகள் ஒரே நேர்கோட்டில் அமைந்தால் சுவர் அக்கோட்டிலேயே பிளந்துவிடும். சமன் துண்டுகளை ஒரே டிஸ்கில் அடுக்காமல் வரிசைதோறும் தள்ளி வைப்பதும், பாரத்தை ஒரே கோட்டில் இறங்கவிடாத அதே அறிவுதான்.

இனி, சமன் என்னும் யுக்தியில் உள்ள ஒரு குருட்டுத்தனத்தைச் சொல்லவேண்டும். நூல்கள் இதனை விரைந்து கடந்துவிடுகின்றன. நான் அவ்வாறு கடக்க மாட்டேன். 7, 4, 9 என்ற மூவரின் கூட்டுத்தொகை 20. அவர்களை 9, 7, 4 என்று இடம் மாற்றி நிறுத்தினாலும் கூட்டுத்தொகை 20-தான். காணாமற் போனவரிடம் என்ன இருந்தது என்பதைச் சமன் சொல்லும். யார் எங்கே நின்றார் என்பதை அது சொல்லாது, ஏனெனில் அதற்கே தெரியாது. நான்கு டிஸ்குகளை எந்த வரிசையில் நிறுத்தினாலும், துண்டின் அளவை எவ்வளவு தவறாகச் சொன்னாலும், ஒரே இடத்தில் உள்ள 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாகவே இருக்குமாதலால், கணினியின் சோதனை எல்லாம் சரி என்றே அறிவிக்கும். எல்லாம் சரியாய் இருக்கும். ஒரு கோப்பும் திறக்காது.

எனக்கு நேர்ந்தது இதுவே. அந்த அலுவலகத்தின் பெட்டி 2008-இல் அமைக்கப்பட்டது. அமைத்தவர் எங்களுக்கெல்லாம் மூத்தவர். பின்னர் கிள்ளானுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். ஆறு ஆண்டுகள் கழித்து இயங்குதளத்தைப் புதுப்பித்தபோது, ஒவ்வொரு டிஸ்கின் கடைசியிலும் எம்டிஆடம் தனக்காகப் பதித்து வைத்திருந்த சிறு குறிப்பு, அதாவது இன்ன லெவல், இன்ன துண்டு, நான் இத்தனையாவது என்னும் அடையாளம், நான்கிலும் அழிந்துபோயிற்று. தரவு அப்படியே இருந்தது; அதன் முகவரி மட்டும் போயிற்று. நான் ஆணையை மறுபடி எழுதினேன். தரவின்மேல் எதையும் எழுதாதே, அது சுத்தமாகவே உள்ளது என்று பொருள்படும் அஸ்யூம்-கிளீன் என்னும் தெரிவைச் சேர்க்கும் அளவுக்கு எச்சரிக்கையாக இருந்தேன். மெட்டாடேட்டா என்னும் அந்தக் குறிப்பின் பழைய வடிவமான 0.90-ஐயும் மறக்கவில்லை. துண்டின் அளவை மட்டும் சொல்லாமல் விட்டேன். சொல்லாமல் விட்டால் இயல்பான அளவை அது எடுத்துக்கொள்ளும் என்பது என் எண்ணம்.

எடுத்துக்கொண்டது. நான்கு டிஸ்குகளும் நலமே என்று திரை அறிவித்தது. இரவெல்லாம் சமனைச் சோதித்தேன். ஒரு பிழையும் இல்லை. கோப்புத் தொகுதியைத் திறக்கச் சொன்னபோது மட்டும் அப்படி ஒன்று இங்கே இல்லை என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்தது. மறுநாள் காலையில் கிள்ளானுக்குத் தொலைபேசியில் அழைத்தேன்.

“அண்ணே, துண்டுக்கு எத்தனை கே.பி. வைத்தீர்கள்?”

“நினைவில் இல்லை தம்பி. மேசையின் கீழ் இழுப்பறையில் 555 நோட்டு இருக்கிறதா பார்.”

இருந்தது. 64 என்று எழுதியிருந்தது. அப்பொழுதுதான் விளங்கிற்று: 2009-இல் வெளியான எம்டிஆடத்தின் 3.1 பதிப்பில் துண்டின் இயல்பான அளவு 64-இலிருந்து 512 கிலோபைட்டாக மாற்றப்பட்டுவிட்டது. 2008-இல் சொல்லாமல் விட்டிருந்தால் 64. 2014-இல் சொல்லாமல் விட்டதால் 512. மௌனம் ஒன்றே, அதன் பொருள் வேறு. அந்த மனிதர் 64 என்பது இயல்பான அளவுதானே என்று எண்ணி அதை எழுதாமல் விட்டிருக்கலாம். அக்காலத்தில் அப்படி விடுவதே வழக்கம். எழுதினார். டிஸ்குகளுக்குக் கணினி இடும் பெயர்கள் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் மாறக்கூடும் என்பதை அறிந்து, உலோக உறையின்மேல் ஒட்டப்பட்ட மாறாத வரிசை எண்ணையும் எழுதினார். நான்கு டிஸ்குகளை 24 விதமாக நிறுத்தலாம். அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்பது ஒரு நாள் வேலை. பன்னிரண்டு டிஸ்குகளாய் இருந்திருந்தால் அந்த எண்ணிக்கை 479,001,600. நோட்டில் கண்ட வரியை ஓரெழுத்தும் மாறாமல் தட்டினேன். கோப்புத் தொகுதி திறந்தது. முதலில் திறந்த படம் 1950-களில் வந்த ஒரு தீபாவளி மலரின் அட்டை. அதன் ஓரத்தில் யாரோ ஒரு பெண்மணி தம் பெயரைப் பென்சிலால் எழுதியிருந்ததுகூடத் தெளிவாகத் தெரிந்தது. இன்று இந்த நிலைமை எனக்கு வருமானால், முதலில் நான்கு டிஸ்குகளையும் முழுமையாகப் பிரதியெடுத்து, அப்பிரதிகளின்மேல்தான் சோதனை செய்வேன் என்பதையும் இங்கே பதிகிறேன்.

சைபர்ஜெயாவின் தரவு மையங்களில் நூற்றுக்கணக்கான டிஸ்குகளைத் தாங்கி நிற்கும் பெரும்பெட்டிகளிலும் வினாக்கள் இவையே. தெரிவுகளின் பெயர்கள்தாம் வேறு. ஒரு குழுவுக்கு எத்தனை டிஸ்க் என்பது அங்கே முதல் வினா. குழு பெரிதானால் சமனுக்கு ஆகும் செலவு குறையும். ஆனால் ஒன்று பழுதானபின் இன்னொன்றும் பழுதாகும் அபாயம் கூடும். பழுதானதற்கு மாற்றாக வைத்த 4 டெராபைட் டிஸ்க் ஒன்றை, வினாடிக்கு 150 மெகாபைட் என்ற நல்ல வேகத்தில் இடைவிடாமல் நிரப்பினாலும் ஏறத்தாழ ஏழரை மணி நேரம் ஆகும். பயனர்களுக்கு நடுவே வேலை செய்யும் பெட்டிக்கு நாள்கணக்கில் ஆகலாம். அந்த இடைவேளையில் லெவல் 5-க்குப் பாதுகாப்பு ஏதும் இல்லை. இரண்டாவது சமன் ஒன்றைச் சேர்த்து, ஒரே சமயத்தில் இரு டிஸ்குகள் போனாலும் தாங்கும் லெவல் 6 போன்ற முறைகள் தோன்றியது இதனால்தான். நெட்ஆப் நிறுவனத்தார் 2004-இல் விளக்கிய குறுக்குச் சமன் முறை அவற்றுள் புகழ் பெற்றது.

இன்னொன்று, டிஸ்குகள் அநேகமாகக் கூட்டாகப் பிறந்தவை. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலை ஒன்று பெட்டாலிங் ஜெயாவிலேயே இயங்கி வந்தது. 2019 முடிவுக்குள் அதை மூடுவதாக நிறுவனம் 2018-இல் அறிவித்தது. நம் பள்ளத்தாக்கில் செய்த டிஸ்கையே நம் பள்ளத்தாக்கில் வாங்கிய காலம் அது. ஒரே நாளில் ஒரே கடையில் ஒரே பெட்டியிலிருந்து வாங்கிய நான்கும் ஒரே தொகுப்பில் உருவாகி, ஒரே குறையைச் சுமந்து, ஒரே வெப்பத்தில் உழைத்து, அடுத்தடுத்து ஓய்வது நடக்கக்கூடியதே. வெவ்வேறு கடைகளில், வெவ்வேறு மாதங்களில் வாங்குங்கள் என்று நான் சொல்வது அதற்காகவே.

ஸெட்.எப்.எஸ். என்னும் வேறொரு முறையில் ஆஷிப்ட் என்று ஒரு தெரிவு உண்டு. இரண்டை எத்தனை முறை பெருக்கினால் டிஸ்கின் அடிப்படைக் கட்டத்தின் அளவு வரும் என்பதை அது குறிக்கும்: 9 என்றால் 512 பைட், 12 என்றால் 4,096. பழைய டிஸ்குகளின் கட்டம் 512. இன்றைய டிஸ்குகளில் பெரும்பாலானவை 4,096 கொண்டவையாயினும், பழைய கணினிகளுக்கு இணக்கமாக 512 என்றே தம்மைச் சொல்லிக்கொள்வதுண்டு. அச்சொல்லை நம்பி 9 என்று அமைத்துவிட்டால், டிஸ்குகளைக் கலைத்து மறுபடி அடுக்கினாலன்றி அதை மாற்ற வழியில்லை. அதே முறையில், அமைக்கும் ஆணையோடு ஒற்றைக் கோடிட்டு என் என்ற எழுத்தைச் சேர்த்தால், எதையும் செய்யாமல், செய்தால் எப்படி இருக்கும் என்பதை மட்டும் அது வரைந்து காட்டும். அதைச் செய்து பாராமல் நான் எந்தப் பெட்டியையும் அமைப்பதில்லை. அருகிலேயே எப் என்ற தெரிவும் நிற்கிறது. தடை சொல்லாதே, செய் என்பது அதன் பொருள். அதைக் கை தேடும்போதெல்லாம், தடை ஏன் வந்தது என்று ஒருமுறை படித்துவிடுவது நலம்.

இத்தனை தெரிவுகளும் சேர்ந்து டிஸ்கின் பழுதிலிருந்து மட்டுமே காக்கும். தவறி ஒரு கோப்பை அழித்தால் நான்கு டிஸ்குகளும் கீழ்ப்படிந்து அதை அழிக்கும். 2021 டிசம்பர் 18 அன்று ஷா ஆலம் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளானிலும் வெள்ளம் புகுந்தபோது, ஒரே அறையில் இருந்த பெட்டிகளுக்கு லெவல் 5 என்றும் 6 என்றும் வேற்றுமை இருந்திராது. ஆதலால் அலுவலகத்தின் படங்கள் யாவும் இப்போது வேறோர் ஊரிலும் பிரதியாக உள்ளன.

பழைய பெட்டி ஓய்வு பெற்றபின், புதிய பெட்டிக்கான வரியை அதே 555 நோட்டின் அடுத்த பக்கத்தில் நான் எழுதினேன்: இயல்பான அளவுகள் உட்பட ஒவ்வொரு தெரிவையும், ஆணையின் பதிப்பு எண்ணையும், ஆறு டிஸ்குகளின் வரிசை எண்களையும், தேதியையும். அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானிலிருந்து கோமுட்டர் ரயிலில் வந்து, தம் கைப்பட அதை இன்னொரு 555 நோட்டில் பிரதியெடுத்துப் போனார். வெள்ளத்தின்போது அவர் வீட்டின் கீழ்த்தளத்தில் இடுப்பளவு நீர் நின்றது. நோட்டு மாடியில், சுவாமி படத்துக்குப் பின்னால் இருந்தது.